எஞ்சினுக்குச் சட்டை

மாத்தளையிலிருந்து மாணவ அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் நம் மேசையில் முதலிடம் பெறுகின்றது. அவர் கட்டிவரும் மாதிரி விமானம் ஏறக்குறைய முடிந்துவிட்டதாம். சிறகும் வாலும் சக்கரங்களும் பொருத்தியாயிற்று. வெளிநாட்டிலுள்ள மாமனார் அனுப்பிய சிறிய இரண்டடிப்பு எஞ்சினும் மூக்கில் ஏறி அமர்ந்துவிட்டது. அதனை மூடுவதற்குக் கண்ணாடி நாரினாற் செய்த கவசம் ஒன்றே ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் எஞ்சினின் பக்கத்தில் மடக்கிய முழங்கைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் சைலன்சர் அக்கவசத்தை உள்ளே செல்லவிடாது தடுக்கிறது. நண்பர் ஒருவர் சைலன்சரைக் கழற்றி எறியச் சொல்கிறார். தமையனாரோ கவசமே வேண்டாம் என்கிறார். கவசத்தை வெட்டலாமென்றால், வெட்டியது ஒட்டாதே என்ற அச்சம். "யாருடைய சொல்லைக் கேட்பது?" என்று வினவுகிறார் அன்பர்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று பெரியோர் ஒதுக்கிவிட வேண்டாம். மூடினால் எஞ்சின் சூடேறுகிறது. திறந்து விட்டால் காற்று அதனைப் பற்றி இழுக்கிறது. மெய்யான விமானங்களைக் கட்டியவர்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுப் பல ஆண்டுகள் தவித்தார்கள். அவர்கள் கண்ட வழியை அறிந்துகொண்டால், மாத்தளை அன்பரின் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

அவருடைய மாவட்டத்திலேயே இதற்குச் சான்று நின்றதுண்டு. சிகிரியா என்றதும் நமக்குக் காசியப்பனின் கோட்டையும் சுவரோவியங்களும் நினைவுக்கு வரும். அக்குன்றுக்குச் சில மைல் தொலைவில் இன்று இலங்கை விமானப் படையின் தளமாக விளங்கும் இடம், இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை பயன்படுத்திய ஓடுபாதையாகும். 1943, 1944 ஆண்டுகளில் அப்படையின் 160-ஆம் அணி அங்கிருந்து லிபரேற்றர் என்னும் பெரிய விமானங்களைச் செலுத்தியது. யப்பானியர் வசமிருந்த அந்தமான், நிக்கோபார், சுமாத்திராக் கரைகள் வரை கடலைத் தாண்டிச் சென்று, படம் பிடித்துத் திரும்பிய விமானங்கள் அவை. வழியில் இறங்க இடமில்லை. எஞ்சின் ஒன்று கொதித்து நின்றுவிட்டால் கீழே இருப்பது வங்கக் கடல்தான்.

லிபரேற்றர் ஒவ்வொன்றுக்கும் நான்கு எஞ்சின்கள். எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் வட்டமாக இரு வரிசையில் அடுக்கிய 14 சிலிண்டர்கள். வலிமை 1,200 குதிரைவலு. இவை நீரினாற் குளிர்பவை அல்ல, காற்றினாற் குளிர்பவை. எஞ்சின் வட்டமாக இருக்க, அதன் கவசம் மட்டும் பக்கவாட்டில் அகன்று முட்டை வடிவாய் இருப்பதைப் படங்களிற் காணலாம். அழகுக்காகச் செய்ததன்று அது. நடுவிலுள்ள பெரிய வாய் சிலிண்டர்களுக்குக் காற்றூட்ட, இரு பக்கத்துத் துளைகளும் எண்ணெயைக் குளிர்விக்கவும் எஞ்சினுக்குள் அமுக்கி அனுப்பும் காற்றைத் தணிக்கவும் தனித்தனியே வழிவிட்டன. எரிந்து வெளிவரும் புகையோ குழாய் வழியே கீழே சென்று ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றிய பின்னரே வெளியேறியது. சைலன்சர் இல்லையாயினும், செங்கனலாய்க் காயும் புகைக்குழாயைக் கவசத்துக்குள் எவ்வாறு அடக்குவது என்ற கேள்வி அங்கும் இருந்ததன்றோ? கவசத்தின் பின்விளிம்பிலே திறந்து மூடும் சிறு கதவுகளும் உண்டு. தரையிலிருந்து எழும்போது அவற்றை வேண்டியமட்டும் திறப்பார்கள். சீராகப் பறக்கத் தொடங்கியதும் மூடுவார்கள். காற்று வரும் வாயை அன்று, போகும் வாயையே அவர்கள் கட்டுப்படுத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இதுவே திறவுகோல்.

அத்தகைய கவசம் பிறந்த கதையும் சுவையானது. 1920-களில் காற்றாற் குளிரும் எஞ்சின்கள் பெரும்பாலும் திறந்தபடியே விமான மூக்கில் வீற்றிருந்தன. சிலிண்டர்களைக் காற்றில் நீட்டினாற்றான் அவை குளிரும் என்பது அக்காலத்தார் எண்ணம். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் லாங்லி என்னுமிடத்திலிருந்த அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில், பிரெட் வீக் என்ற பொறியியலாளர் 20 அடி அகலமான காற்றுச் சுரங்கம் ஒன்றில் மெய்யான எஞ்சினையே நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல கவசங்களை மாட்டிப் பார்த்தார். முழுவதும் மூடியபோது எஞ்சின் கொதித்தது. கவசத்தை எறிந்துவிடாமல், காற்று உள்ளே வரும் வாயையும் வெளியேறும் இடுக்கையும் திருத்தித் திருத்தி அமைத்தார்கள். பத்தாம் இலக்கக் கவசம் வெற்றி தந்தது. 1928-இல் கேர்ட்டிஸ் ஹோக் விமானம் ஒன்றில் அவ்வகைக் கவசத்தைப் பொருத்தியபோது, மணிக்கு 118 மைலாக இருந்த வேகம் 137 மைலாக உயர்ந்தது. எஞ்சினின் வலிமையில் ஒரு குதிரைகூடக் கூட்டப்படவில்லை. 1929 பெப்ரவரியில் பிராங் ஹோக்ஸ் என்பவர் இத்தகைய கவசமிட்ட லொக்ஹீட் விமானத்தில் லொஸ் ஏஞ்சல்சிலிருந்து நியூயோர்க்கை 18 மணி 13 நிமிடத்தில் அடைந்தார். அவ்வாண்டுக்குரிய கொலியர் விருதும் லாங்லிக்கு உரிய நிறுவனத்தையே சேர்ந்தது. இங்கிலாந்தில் டவுனெண்ட் என்பவர் எஞ்சினைச் சுற்றி எளிய வளையம் ஒன்றை அணிவித்து இதே காலத்தில் வேறொரு வழி கண்டார். அதனை இன்னொரு வாரம் பேசுவோம்.

ஆகவே கவசம் என்பதைப் பானைக்கு இட்ட மூடி என்று எண்ணுதல் கூடாது. வீட்டுக்கு அமைத்த வாசலும் கொல்லைக் கதவும் எப்படியோ அப்படி: வேண்டிய காற்று ஒரு வழியே வரவேண்டும், சூடான இடத்தைத் தொடவேண்டும், மற்றொரு வழியே தடையின்றிப் போகவேண்டும்.

இனி நம் அன்பரின் சின்னஞ்சிறு எஞ்சினுக்கு வருவோம். மோட்டார் சைக்கிளிலுள்ளதுபோல் இதற்கு ஓயாது பொறி எழுப்பும் பிளக் இல்லை. 1947-இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் விற்பனைக்குக் கொணர்ந்த குளோ பிளக் என்னும் சிறு திருகாணி இருக்கிறது. அதனுள்ளே பிளாற்றினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். தொடக்கத்தில் மின்கலத்தினாற் சூடேற்றிவிட்டால், பிறகு எஞ்சின் ஓடும்வரை அது தானே கனன்றுகொண்டிருக்கும். எரிபொருள் பெற்றோல் அன்று. மெதனோல், சிறிது நைத்திரோமெதேன், அவற்றோடு எண்ணெய். அந்த எண்ணெயில் நம் பாட்டிமார் அறிந்த ஆமணக்கெண்ணெய் இன்றும் இடம்பெறுகிறது. 1914-18 போரில் சுழன்றோடிய விமான எஞ்சின்களும் அதைத்தான் குடித்தன.

மெதனோல் ஆவியாகும்போது, அதே நிறையுள்ள பெற்றோலைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதே காற்றுக்கு அது பெற்றோலைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட அளவிற் செலவாகிறது. எனவே எரிபொருளே எஞ்சினைக் குளிர்விக்கும் நீராகவும் ஒருவாறு பயன்படுகிறது. இதனால் விளையும் ஆபத்து ஒன்றுண்டு. ஊசிவால்வைச் சற்று அதிகமாக மூடிவிட்டால் எரிபொருள் குறையும், குளிர்ச்சியும் குறையும், எண்ணெயும் குறையும். மூன்றும் ஒருங்கே குறைந்தால், வானில் ஏறும்போது முழங்கிக்கொண்டிருந்த எஞ்சின் மெல்லக் குரலிறங்கி, திடீரென நின்றுவிடும். மாத்தளைப் பள்ளத்தாக்கில் எஞ்சின் நின்ற விமானத்துக்குக் கீழே காத்திருப்பவை கொக்கோ மரங்களும் மிளகுக்கொடி படர்ந்த மரங்களுமேயாம். பல மாத உழைப்பு ஒரு நொடியில் விறகாகிவிடும். சில வேளை பிஸ்டனும் சிலிண்டரும் உராய்ந்து, மாமனார் அனுப்பிய எஞ்சினே பாழாகிவிடும்.

இப்போது நண்பரின் யோசனையை நிறுத்துப் பார்க்கலாம். சைலன்சர் ஒலியை அடக்குவதோடு நிற்பதில்லை. அதன் உடலிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று எரிபொருள் தாங்கிக்குச் செல்வதைக் காணலாம். புகையின் அமுக்கம் அவ்வழியே சென்று எரிபொருளைக் கார்புரேற்றருக்குத் தள்ளிக் கொடுக்கிறது. சைலன்சரைக் கழற்றினால் அந்த உதவி போய்விடும். ஊசிவால்வைத் திறந்து ஈடுசெய்யலாம் என்பது உண்மையே. ஆனால் விமானம் மூக்கை உயர்த்தி ஏறும்போது, உதவியிழந்த எரிபொருள் பின்தங்கும். அயலவர் காதுகளையும் மறக்கலாகாது. மலைகள் சூழ்ந்த ஊரில் ஓர் ஒலி நான்கு ஒலியாகத் திரும்பி வரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் கைக்குழந்தைகளும் உள்ள ஊரில், ஞாயிறு மாலையில் அந்த அலறலை எழுப்பிவிட்டு மறுவாரமும் அம்மைதானத்தில் இடம் கேட்க முடியுமா? நண்பரின் யோசனை தள்ளத்தக்கது.

தமையனாரின் யோசனையில் நியாயமுண்டு. புதிய எஞ்சினைப் பழக்கும் வரையில் கவசமின்றிப் பறப்பதே நல்லது என்பது நம் கருத்தும். ஆயினும் ஒரு கவனம் வேண்டும். கவசத்தின் எடை மூக்கின் நுனியில் இருப்பது. அதனை நீக்கினால் விமானத்தின் பாரமையம் வாற்பக்கம் நகரும். வாற்கனமான விமானம் முதற்பறப்பிலேயே கவிழ்ந்துவிடக்கூடும். கவசத்தைத் தராசிலிட்டு, அதற்குச் சமமான ஈயத்துண்டை மூக்கில் வைத்துக் கட்டிய பிறகே பறக்கவிடவேண்டும்.

எஞ்சின் பழகிய பின்னர்? வெட்டத்தான் வேண்டும். முழுச் சைலன்சரையும் கவசத்துக்குள் மறைக்கும் வகையில், கீழ்நோக்கி இரண்டு சிறு குழாய்கள் மட்டும் வெளியே தெரியும் அமைப்புகளும் கடைகளில் உண்டு. அவை பார்வைக்கு அழகு. ஆனால் அடுப்பை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அறையைக் குளிர்விக்க முயல்வதை ஒக்கும். முதல் விமானம் கட்டும் மாணவருக்குச் சைலன்சரை வெளியே விட்டு, அதன் கழுத்துக்கு மட்டும் கவசத்தில் இடம் வெட்டுவதே ஏற்றது.

எங்கே வெட்டுவது? இதற்கு வீட்டிலுள்ள தாய்மாரைக் கேட்கலாம். விலையுயர்ந்த துணியில் அவர்கள் நேரே கத்தரிக்கோலை வைப்பதில்லை. பழைய பத்திரிகைத் தாளில் வெட்டிப் பார்த்த பின்னரே துணியைத் தொடுவார்கள். இங்கும் அதுவே முறை. எஞ்சினையும் சைலன்சரையும் இறுதியாக இருக்கவேண்டிய இடத்தில் இறுக்கிவிட்டு, வளையக்கூடிய மெல்லிய மட்டை ஒன்றை எடுத்து, அதன் பின்விளிம்பை மட்டும் விமானத்தின் உடற்பக்கத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டுக. முன்பகுதி எஞ்சினின் மேலே, கவசம் வரவேண்டிய இடத்தில், அதே வளைவோடு படியவேண்டும். சைலன்சர் இடிக்கும் இடத்தைச் சிறிது சிறிதாக வெட்டி, அதன் கழுத்து எப்பக்கத்திலும் 3 மில்லிமீற்றர் இடைவெளியோடு நுழையும்வரை திருத்துக. மட்டையிலே தவறு நேர்ந்தால் வேறொரு மட்டை, நட்டம் எதுவுமில்லை.

துளை சரியானதும், ஒட்டியபடியே மட்டையைக் கதவுபோற் பின்னுக்கு மடித்து, சைலன்சரைக் கழற்றிவிட்டு, கவசத்தை அதன் இடத்தில் செலுத்தவேண்டும். சிலிண்டரின் தலை தடுத்தால் எஞ்சினையும் கழற்றலாம். ஆனால் விசிறியின் நடுக்கூம்புக்கும் கவசத்தின் முன்வாய்க்கும் இடையில் 2 மில்லிமீற்றர் சீராக விட வேண்டியிருப்பதால், கவசம் நிற்கவேண்டிய இடத்தை முன்னரே உடலிற் பென்சிலாற் குறித்திருக்க வேண்டும். கவசத்தை அக்குறியில் நிறுத்தி ஒட்டுநாடாவாற் கட்டிவிட்டு, மட்டைக் கதவை மீண்டும் முன்னுக்கு மடித்தால், துளை தானே தன் இடத்தில் வந்து அமரும். பென்சிலால் அதன் விளிம்பைக் கவசத்தின்மேல் வரைந்துகொள்ள வேண்டியதே. ஊசிவால்வுக்கும் குளோ பிளக்குக்கும் வேண்டிய துளைகளையும் இதே மட்டையிலேயே எடுத்துக்கொள்வது புத்தி. ஊசிவால்வின் கைப்பிடியை நீட்டி விசிறிக்குப் பின்புறமாக வெளியே கொணர்ந்து விடவேண்டும். சுழலும் விசிறியின் முன்னே விரலை நீட்டியவர்கள் அதன் பயனை ஆயுள் முழுதும் காட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

வெட்டும்போது கோட்டுக்கு உட்புறமாகச் சிறிதாகவே தொடங்கி, அரத்தாற் பெருக்கிக் கோட்டை அடைக. சிறு துளைகளை வரிசையாக இட்டு இணைத்தாலும் போதும்; விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கண்ணாடி நாரின் தூசி நுரையீரலுக்குப் பகை. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, நீர் நனைத்த அரத்தாளால் தேய்ப்பதே முறை. தம்பி தங்கையர் அருகே நிற்க வேண்டாம்.

சைலன்சர் இருக்கும்போதே கவசத்தைக் கழற்றி மாட்டவேண்டுமானால், துளையைப் பின்விளிம்புவரை திறந்த வெட்டாக நீட்டவேண்டும். வசதியான முறைதான், ஆனால் கவசத்தின் வலிமை குறையும். அவ்வெட்டின் மூலைகளைச் சதுரமாக விடுதல் கூடவே கூடாது. எஞ்சினின் அதிர்வு சதுர மூலையிலே குவிந்து, அங்கிருந்து வெடிப்பு ஓடும். 1954-இல் கொமெற் என்னும் ஜெற் விமானங்கள் இரண்டு மூன்றே மாத இடைவெளியில் நடுவானிற் சிதைந்து மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. காரணம் தேடியவர்கள் கண்டது, உடலில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில் தகைப்பு குவிந்து உலோகம் சோர்ந்து வெடித்தது என்பதையே. நம் கவசத்தில் உயிர்ச்சேதம் இல்லை, பௌதிகம் ஒன்றே. மூலையில் முதலிற் சிறு வட்டத்துளை இட்டு, அதில் வந்து முடியுமாறு வெட்டினால் வெடிப்புக்கு இடமிராது. உட்புறத்தில் அவ்விளிம்பைச் சுற்றிக் கண்ணாடி நார்த்துணி ஒரு பட்டை ஒட்டினால் இன்னும் நலம். கவசத்தைப் பிடிக்கும் நான்கு திருகாணிகளின் கீழும் பழைய எரிபொருட் குழாயிலிருந்து வெட்டிய இறப்பர் வளையம் ஒவ்வொன்று வைப்பது அதிர்வைத் தணிக்கும்.

இனிக் காற்று. பெரும்பாலோர் கவசத்தின் முன்வாயைப் பெரிதாக வெட்டிவிட்டு, எஞ்சினுக்கு நிறையக் காற்றுக் கிடைக்கிறதென்று மகிழ்வார்கள். பின்புறத்தில் வழியில்லாவிட்டால் அக்காற்று உள்ளே வராது. வாயிலில் வந்து முட்டி, பக்கமாய் வழிந்து போய்விடும். வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்பது மாதிரி விமானிகளின் நெடுநாளைய அனுபவம். சிலிண்டரின் எதிரே 3 சென்ரிமீற்றர் சதுரமாய் வாய் வைத்தால் அது 9 சதுர சென்ரிமீற்றர். பின்னே 18 முதல் 27 வரை வேண்டும். சூட்டில் காற்று விரிவதாலேயே இவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது என்று சிலர் கூறுவர். கணக்குப் பார்த்தால், 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறிய காற்று கால்பங்குகூட விரிவதில்லை. சிலிண்டரின் செதில்களுக்கிடையே நெருங்கி நுழைந்து வேகமிழந்த காற்றுக்கு, போகும்போதாவது தாராளமான இடம் இருக்கவேண்டும் என்பதே பெருங்காரணம். சைலன்சருக்காக வெட்டிய துளையைச் சுற்றியுள்ள இடைவெளியும் இக்கணக்கிற் சிறிது சேரும்; ஆனால் அதை மட்டும் நம்பலாகாது. கவசத்தின் அடிப்பக்கத்துப் பின்விளிம்பிலே, ஓடும் காற்று உள்ளிருப்பதை உறிஞ்சி இழுக்கும் இடத்தில், வழி அமைக்கவேண்டும். முன்வாயிற் சிலிண்டருக்கு நேரல்லாத பகுதியை உள்ளிருந்து மெல்லிய பலகையால் அடைத்து, வரும் காற்றெல்லாம் செதில்களைத் தொட்டே செல்லுமாறு செய்தால், வீக் லாங்லியில் செய்ததை நம் அன்பர் மாத்தளையில் செய்தவராவார். பெரிய விமானத்தின் திறந்து மூடும் கதவு நமக்கில்லை. ஆதலால் எழும்போது வேண்டிய அளவையே நிலையாகத் திறந்து வைக்கிறோம்.

பறக்கவிடும் முன் யாரேனும் ஒருவர் வாலை உறுதியாய்ப் பிடித்துக்கொள்ள, கவசத்தோடு எஞ்சினை முழுவேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிப் பார்க்கவேண்டும். பிறகு மூக்கை மேலே உயர்த்திப் பிடிக்க. குரல் இறங்கினால் ஊசிவால்வைச் சற்றுத் திறக்கவேண்டும். கவசமின்றி ஓடியபோது வைத்த அளவு கவசத்தோடு போதாதென்றே கொள்க. சைலன்சரிலிருந்து மெல்லிய வெண்புகைக் கோடு தொடர்ந்து வருமாயின் எண்ணெய் போதிய அளவு செல்கிறதென்று அறியலாம். மெதனோல் நஞ்சு, அருந்தினாற் கண்பார்வையும் உயிரும் போகும், அதன் சுடர் பகல் வெளிச்சத்திற் கண்ணுக்குத் தெரியாது. பெரியவர் ஒருவர் பொறுப்பில், பூட்டிய இடத்தில் அது இருக்கவேண்டும்.

எங்கே பறக்கவிடுவது என்பதையும் அன்பர் கேட்டிருக்கிறார். தம்புள்ளைப் பக்கத்துச் சமவெளி கண்ணுக்கு ஆசையூட்டும். ஆனால் சிகிரியாவில் விமானத் தளமும், 1982 முதல் உலக மரபுரிமைச் சின்னமாக விளங்கும் குன்றும் இருக்கின்றன. அப்பக்கம் செல்ல எண்ணினால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளை முன்னரே விசாரித்து அறியவேண்டும். ஊரிலேயே, ஆட்கள் இல்லாத வேளையில் மைதானத்துக்கு உரியவரின் அனுமதியோடு தொடங்குவது எளிது. இன்று பலர் மின்மோட்டாருக்கு மாறிவிட்டதால் அங்கே வருவோருக்கு இப்புகையும் எண்ணெயும் புதுமையாக இருக்கலாம். மின்மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் இதே காற்று வேண்டும் என்பதை அவர்களுக்கும் சொல்லி வைக்கலாம்.

மூன்று நான்கு பறப்புகளுக்குப் பின் கவசத்தைக் கழற்றி, எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போதே சைலன்சரின் இரண்டு மரையாணிகளையும் சாவியால் ஒருமுறை இறுக்குக. அதிர்வில் அவை தளர்ந்திருக்கும். பின்னர் கவசத்தின் துளை விளிம்பை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கவும். எங்கேனும் கருகியோ மினுங்கியோ தோன்றினால், சைலன்சர் அங்கே தொட்டிருக்கிறது. அவ்விடத்தை அரத்தால் இன்னும் ஒரு மில்லிமீற்றர் தேய்த்துவிட்டு மாட்டலாம்.